முல்லர்: ஜெர்மானியக் குடும்பப் பெயர் ஒன்றைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மன் கால்பந்தாட்டம், நோபல் பரிசுப் பட்டியல், வேதப் பதிப்பு, தாவரவியல் நூல் என்று எதைப் புரட்டினாலும் எங்காவது ஒரு முல்லர் இருப்பார். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் மிக அதிகம் பேருக்கு உள்ள குடும்பப் பெயர் இதுதான். அந்த மொழி எழுத்தில் எம், தலையில் இரண்டு புள்ளி வைத்த யு, இரண்டு எல், ஈ, ஆர். அந்தப் பெயரின் பொருள், அதை எப்படிச் சொல்வது, எழுதுவது, அந்த ஊர்க்காரர்கள் அதை எப்படிப் புழங்குகிறார்கள் என்பதையெல்லாம் கேள்வி பதிலாகத் தொகுத்திருக்கிறேன். எவ்வளவு சாதாரணமான பெயரானாலும் அது ஒரு மனிதருடைய பெயர், அதைச் சரியாகப் புழங்க வேண்டும் என்ற அக்கறையில் எழுதியது இது.

முல்லர் என்றால் என்ன பொருள்?

மாவு மில்லுக்காரர். தானியத்தை ஆலையில் அரைத்துக் கொடுப்பவர். ஜெர்மனில் ஆலைக்கு மூலெ என்று பெயர். இது லத்தீன் மொழியின் மொலினா என்ற சொல்லிலிருந்து வந்தது. தண்ணீரில் சுழலும் ஆலையை ரோமானியர்கள் கொண்டுவந்தபோது பெயரும் கூடவே வந்து சேர்ந்தது. ஆலைக்காரரை இடைக்காலத்தில் முல்னேரெ, முல்னர் என்றெல்லாம் சொன்னார்கள். நடுவில் இருந்த ன் பல இடங்களில் தேய்ந்து முல்லர் ஆனது. தேயாமல் நின்ற இடங்களில் இன்றும் முல்னர் என்ற குடும்பங்கள் இருக்கின்றன.

மாவரைப்பவரின் பெயர் நாட்டிலேயே முதலிடம் பிடித்தது எப்படி?

பலர் நினைப்பதுபோல மில்லுக்காரர்கள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் வந்ததில்லை. ஊருக்கு ஒருவர், இருவர் மட்டுமே இருந்தார்கள் என்பதுதான் காரணம். ஊரில் பாதிப்பேர் உழவர்கள் என்றால், 'உழவர் ஹன்ஸ்' என்று சொல்லி யாரையும் அடையாளம் காட்ட முடியாது. 'மில்லுக்கார ஹன்ஸ்' என்றால் ஒரே ஒருவர்தான். அடையாளம் சொல்லப் பயன்படுவதுதான் பெயராக ஒட்டிக்கொள்ளும். கொல்லரைக் குறிக்கும் ஷ்மிட் என்ற பெயர் இரண்டாவது இடத்தில் இருப்பதற்கும் இதுவே காரணம். ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒரு முல்லர் உருவாகி, ஆயிரக்கணக்கான ஊர்களின் முல்லர்களையும் கூட்டினால் கடைசியில் பெரிய தொகை வந்துவிடுகிறது.

அதோடு, மில்லைத் தவிர்த்து யாரும் வாழ முடியாத நிலைமையும் இருந்தது. பல பகுதிகளில் நிலப்பிரபுவுக்கு ஆலை உரிமை என்று ஒன்று உண்டு. அவருடைய எல்லைக்குள் இருக்கும் குடியானவர்கள் அவர் குறித்த ஆலையில்தான் அரைக்க வேண்டும். பக்கத்து ஊர் மில்லில் கூலி குறைவு என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இந்தக் கட்டாயம் 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் பல இடங்களில் நீடித்தது. அதனால் ஊரில் உள்ள ஒவ்வொரு வீட்டாரும் மில்லின் வாசலில் மூட்டையோடு நின்றவர்கள்தான்.

அந்த வரிசைக்கே சட்டம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐக்கெ ஃபொன் ரெப்கோ தொகுத்த சாக்சன் சட்ட நூலில், ஆலைக்கு யார் முதலில் வருகிறாரோ அவரே முதலில் அரைக்கலாம் என்று எழுதியிருக்கிறது. இன்றும் ஜெர்மானியர்கள் பந்தியிலிருந்து பஸ் இருக்கை வரைக்கும் 'முதலில் வந்தவர் முதலில் அரைப்பார்' என்றுதான் சொல்கிறார்கள். சொல்பவர்களில் பெரும்பாலானவர்கள் ஒரு நீராலையை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள்.

மில்லுக்காரருக்கு ஊரில் மதிப்பு இருந்ததா?

பணம் இருந்தது, மதிப்பு கொஞ்சம் சிக்கலானது. அரைத்ததற்குக் கூலியாக மாவிலிருந்தே ஒரு பங்கை அளந்து எடுத்துக்கொள்வது வழக்கம். அளப்பவர் அவரே என்பதால், சரியாகத்தான் எடுத்தாரா என்ற சந்தேகம் எல்லாருக்கும் இருந்தது. ஆலை பெரும்பாலும் ஊருக்கு வெளியே ஆற்றோரமாக இருக்கும். அங்கே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இதெல்லாம் சேர்ந்து, சில பகுதிகளில் மில்லுக்காரரின் மகனைக் கைவினைச் சங்கங்களில் சேர்க்க மறுக்கும் அளவுக்குப் போனது. 1548, 1577 ஆகிய ஆண்டுகளின் பேரரசுச் சட்டங்கள், நெசவாளர், நாவிதர், மேய்ப்பர், மில்லுக்காரர் ஆகியோரின் பிள்ளைகளைச் சங்கங்கள் ஒதுக்கக் கூடாது என்று எழுத வேண்டியிருந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் இது சாதிப் பெயரா?

நம் பக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு இயல்பாக எழும் கேள்வி. பதில்: இல்லை. இந்தப் பெயர், ஏதோ ஒரு முன்னோர் ஏதோ ஒரு காலத்தில் மில் நடத்தினார், அல்லது மில்லில் வேலை செய்தார், அல்லது மில்லுக்குப் பக்கத்தில் குடியிருந்தார் என்பதைத்தான் சொல்லும். இன்றைய முல்லருடைய தொழிலையோ, மதத்தையோ, சமூகத்தில் அவருடைய இடத்தையோ பெயரை வைத்துச் சொல்ல முடியாது. கத்தோலிக்க முல்லர்களும் சீர்திருத்தத் திருச்சபை முல்லர்களும் யூத முல்லர்களும் உண்டு. ஒரு முல்லர் இன்னொரு முல்லரைக் கல்யாணம் செய்துகொள்வதற்கு எந்தத் தடையும் கிடையாது, அப்படிச் செய்ய வேண்டும் என்ற வழக்கமும் கிடையாது. முல்லர் என்ற பெயரைக் கண்டதும் 'அவர்கள் ஆட்கள்' என்று ஒரு கூட்டத்தைக் கற்பனை செய்துகொண்டால் அது முழுக்க நம்முடைய கற்பனைதான்.

முல்லர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் உறவா?

உறவில்லை. பெயர் ஒவ்வோர் ஊரிலும் தனித்தனியாக முளைத்தது என்பதால் பொதுவான மூதாதை என்று யாரும் இல்லை. தயிர் டப்பாவில் முல்லர் என்ற பெயரைப் பார்க்கலாம், மருந்தும் சோப்பும் விற்கும் சங்கிலிக் கடையின் பலகையிலும் முல்லர் என்ற பெயரைப் பார்க்கலாம். இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள்.

எந்தக் காலத்தில் இது குடும்பப் பெயராக நிலைத்தது?

தெற்கிலும் மேற்கிலும் உள்ள நகரங்களில் 12ஆம் நூற்றாண்டிலிருந்து இரண்டாம் பெயர்கள் தோன்றின. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் பெரும்பாலான பகுதிகளில் அவை அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரும் பெயராகிவிட்டன. வடக்கே ஃப்ரீஸ்லாந்தில் மட்டும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரைக்கும் அப்பாவின் பெயரையே இரண்டாம் பெயராக வைத்துக்கொண்டார்கள், ஏறக்குறைய நம் இனிஷியல் மாதிரி. முன்பெல்லாம் மனைவி, மகள் ஆகியோரின் குடும்பப் பெயரோடு 'இன்' சேர்த்து முல்லரின் என்று சொல்வதும் எழுதுவதும் உண்டு. இன்று ஆவணங்களில் அது இல்லை, சில வட்டாரப் பேச்சில் மட்டும் கேட்கலாம்.

இத்தனை முல்லர்கள் இருந்தால் யார் யார் என்று எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள்?

இந்தப் பெயரின் புழக்கத்தில் என்னை மிகவும் ஈர்த்த விஷயம் இதுதான். ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக முல்லர்கள் இதற்கு வழி தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

பழைய வழி, பெயரையே லத்தீனாக்கிக்கொள்வது. படித்தவர்கள் முல்லரை மொலிட்டர் என்று மாற்றிக்கொண்டார்கள். சில குடும்பங்களில் அதுவே நிலைத்துவிட்டது. 1436இல் பிறந்த வானியலாளர் யொஹான்னஸ் முல்லர் தன் சொந்த ஊரான கோனிக்ஸ்பெர்க்கின் பெயரை லத்தீனில் சொல்லிக்கொண்டார். 'அரசன் மலை' என்று பொருள்படும் அந்த ஊர்ப் பெயரின் லத்தீன் வடிவமான ரெகியோமொன்டானுஸ் என்றுதான் உலகம் இன்று அவரை அறியும். அவர் ஒரு முல்லர் என்பது பலருக்குத் தெரியாது.

அடுத்த வழி, ஊரையோ மாநிலத்தையோ பின்னால் ஒட்டிக்கொள்வது. சுவிட்சர்லாந்தின் துர்காவ் மாநிலத்துக்காரரான ஹெர்மன் முல்லர், தன்னை முல்லர்-துர்காவ் என்று அழைத்துக்கொண்டார். 1882இல் கைசன்ஹைம் ஊரில் அவர் ஒட்டுச்சேர்த்து உருவாக்கிய வெள்ளைத் திராட்சைக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. ஜெர்மன் ஒயின் பாட்டில்களில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

தாவரவியலாளர்களுக்கு இந்தச் சிக்கல் தலைக்கு மேல் போய்விட்டது. ஒரு செடிக்கு யார் பெயர் வைத்தார் என்பதை அறிவியல் பெயரின் கடைசியில் சுருக்கமாக எழுத வேண்டும். 'முல்' என்று சுருக்கினால் எந்த முல்லர்? ஆகவே ஆர்காவ் மாநிலத்து முல்லருக்கு 'முல். ஆர்க்.' என்று தனிச் சுருக்கம் ஏற்பட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் பால் வடிக்கிறார்களே, அந்த ரப்பர் மரத்தின் முழு அறிவியல் பெயரை எழுதினால் கடைசியில் இந்தச் சுருக்கம்தான் வரும். ஆஸ்திரேலியாவுக்குப் போய் மெல்பர்ன் தாவரவியல் பூங்காவை நடத்திய ஃபெர்டினாண்ட் ஃபொன் முல்லருக்கு 'எஃப். முல்.' என்று வேறொரு சுருக்கம்.

ஜெர்மன் நாடாளுமன்றத்திலும் அதே கதை. ஒரே குடும்பப் பெயரில் இரண்டு உறுப்பினர்கள் இருந்தால் ஊரைச் சேர்த்து முல்லர் (பிரவுன்ஷ்வைக்), முல்லர் (எர்லாங்கன்) என்று பதிவேட்டில் எழுதுவார்கள். ஊர்ப் பெயரை முன்னால் போட்டே பாதிப்பேரை அறிந்திருக்கும் நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

பெயரை மாற்றிக்கொள்ள முடியுமா?

ஜெர்மனியில் குடும்பப் பெயரை நினைத்தபடி மாற்ற முடியாது, தகுந்த காரணம் வேண்டும். முல்லர், மையர், ஷ்மிட், ஷுல்ஸ் ஆகிய பெயர்களுக்கு ஒரு வசதி உண்டு. பலருக்கும் பொதுவாக இருக்கும் பெயர்கள் என்ற பொருளில் இவற்றைக் கூட்டுப்பெயர்கள் என்று அரசு விதியே குறிப்பிடுகிறது. இவ்வளவு பேருக்கு இருக்கும் பெயரால் ஆள் மாறாட்டக் குழப்பம் வரும் என்பதையே காரணமாகக் காட்டி மாற்றம் கேட்கலாம்.

மாக்ஸ் முல்லருக்கு மாக்ஸ் என்பது பெயரா, குடும்பப் பெயரா?

பெயராகத்தான் தொடங்கியது. 1823இல் டெசாவ் நகரில், கவிஞர் வில்ஹெல்ம் முல்லரின் மகனாகப் பிறந்த ஃப்ரீட்ரிக் மாக்ஸ் முல்லர், வெறும் முல்லராக இருந்தால் கூட்டத்தில் காணாமல் போய்விடுவோம் என்று மாக்ஸ் முல்லர் இரண்டையும் சேர்த்தே குடும்பப் பெயராக்கிக்கொண்டார். தூதரகப் பணியில் இருந்த அவருடைய மகனும் மாக்ஸ்-முல்லர்தான்.

அவர் அதோடு நிற்கவில்லை. 1849இலிருந்து 1874 வரை வெளியிட்ட ரிக்வேதப் பதிப்பின் சம்ஸ்கிருதத் தலைப்புப் பக்கத்தில் தன்னை எப்படிக் குறிப்பிட்டார் தெரியுமா? 'சர்மண்ய தேசத்தில் பிறந்து கோதீர்த்தத்தில் வாழும் மோக்ஷமூலர பட்டன்' என்று. சர்மண்ய தேசம் ஜெர்மனி. எருதுகள் கடக்கும் துறை என்று பொருள்படும் ஆக்ஸ்ஃபோர்டு கோதீர்த்தம் ஆகிவிட்டது. மாக்ஸ் முல்லர், ஒலியை ஒட்டி மோக்ஷமூலர். இந்திய மண்ணில் கால் வைக்காமலே 1900இல் காலமான ஒருவர், தன் பெயரை இந்த மண்ணின் பண்டிதர் பெயர்போல ஆக்கிக்கொள்ள எடுத்துக்கொண்ட பிரியம் அதில் தெரிகிறது. மில்லுக்காரர் என்ற பெயர் இவ்வளவு தூரம் பயணப்பட்டதற்கு வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இந்தியாவில் உள்ள ஜெர்மன் பண்பாட்டு மையங்களுக்கு, சென்னை நுங்கம்பாக்கத்தில் இருப்பது உட்பட, அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

எப்படி உச்சரிப்பது?

இரண்டு புள்ளி வைத்த அந்த உயிரெழுத்து தமிழில் இல்லை, ஆனால் வரவழைப்பது எளிது. 'இ' என்று சொல்லுங்கள். நாக்கை அசைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் 'உ' சொல்வதுபோலக் குவியுங்கள். வரும் ஒலிதான் அது. முல்லரில் அது குறில், இழுக்கக் கூடாது. கடைசியில் உள்ள 'அர்' முழுதாக ஒலிக்காது, ர் கரைந்து தளர்ந்த 'அ' போல நிற்கும். கண்ணாடி முன்னால் நின்று உதட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லிப் பழகினால் சீக்கிரம் வந்துவிடும்.

தமிழில் முல்லரா, மியூலரா, முள்ளரா?

முல்லர் என்று எழுதுவதே நல்லது. குறில் ஒலி, அழுத்தமான ல், பழகிய வடிவம் மூன்றும் அதில் அமைந்துவிடுகின்றன. மியூலர் என்று எழுதும்போது நெடில் வந்துவிடுகிறது, அது ஆங்கிலம் வழியாக வந்த உச்சரிப்பு. ள போடுவதற்குக் காரணமே இல்லை, ஜெர்மன் ல நம் ல போன்றதுதான்.

ஒரே ஒரு விலக்கு. ஆளே தன் பெயரை வேறு மாதிரி சொல்கிறார் என்றால் அவர் சொல்வதுதான் சரி. அமெரிக்கப் புலனாய்வுத் துறைத் தலைவராக இருந்த ராபர்ட் முல்லர் தன் பெயரை 'மல்லர்' என்பதுபோலச் சொல்வார். இப்படி மாறிவிட்ட பெயரைத் திருப்பி ஜெர்மனாக்க நாம் யார்?

புள்ளி வைக்க வசதி இல்லாவிட்டால் என்ன செய்வது?

புள்ளியை எடுத்துவிட்டு வெறும் யு போடாதீர்கள். அது வேறு பெயராகிவிடும். யு-வுக்குப் பக்கத்தில் ஒரு ஈ சேர்த்து எழுத வேண்டும். ஜெர்மன் கடவுச்சீட்டே இப்படித்தான் செய்கிறது. மேலே பெயர்ப் பகுதியில் புள்ளியோடு இருக்கும், கீழே கணினி படிக்கும் இரண்டு வரிகளில் யு-ஈ என்று இருக்கும். விமான டிக்கெட் போடும்போது கீழ்வரியில் உள்ளதைப் பார்த்து நிரப்பினால் கவுன்ட்டரில் தொந்தரவு வராது.

இன்னொரு பக்கம், சில குடும்பங்களின் பெயர் பிறப்புப் பதிவிலேயே யு-ஈ என்றுதான் இருக்கும். அதைப் புள்ளி வைத்து 'திருத்தினால்' அது தவறு. ஆகவே ஒருவருடைய அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். பிரான்சின் அல்சாஸ் பகுதியில் புள்ளியே இல்லாத வடிவம்தான் முறையான பெயர்.

மில்லர், மோலர், மோல்னார் எல்லாம் இதே பெயர்தானா?

பொருள் ஒன்று. வட ஜெர்மனியில் மோலர், டென்மார்க்கிலும் அதுபோலவே, நெதர்லாந்தில் மல்டர், மோலனார், ஹங்கேரியில் மோல்னார், பிரான்சில் மெனியே, இத்தாலியில் மொலினாரி. மில்லர் என்பது ஆங்கிலப் பெயர் மட்டுமில்லை, தெற்கு ஜெர்மனியிலேயே வட்டார வழக்கில் மில்லர் உண்டு. அமெரிக்காவில் முதல் பத்துக் குடும்பப் பெயர்களில் மில்லர் இருப்பதற்கு, அங்கே குடியேறிய முல்லர்கள் பலர் பெயரை மாற்றி எழுதிக்கொண்டதும் ஒரு காரணம்.

ஜெர்மனில் குப்பைக்கு முல் என்கிறார்களே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

ஒலிதான் ஒத்துப்போகிறது. இந்தப் பெயர் ஆலையிலிருந்து வந்தது. குப்பை அள்ளும் தொழிலாளியை ஜெர்மனில் முல்லர் என்று சொல்வதில்லை, முல்மன் என்பார்கள். மொழி கற்கத் தொடங்கியவர்கள் இதைச் சேர்த்துக் குழப்பிக்கொண்டு யாரிடமாவது சொல்லிவிட வேண்டாம், பள்ளிக்கூடத்தில் அந்தக் கேலியைக் கேட்டு வளர்ந்தவராக இருக்கலாம்.

ஒரு முல்லரை எப்படி அழைப்பது?

ஆணானால் ஹெர் முல்லர், பெண்ணானால் கல்யாணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் ஃப்ராவ் முல்லர். வெறும் 'முல்லர்' என்று கூப்பிட்டால் மரியாதைக் குறைவு. நம் ஊரில் 'குமார் சார்' என்று பெயரோடு சார் சேர்ப்பதுபோல 'ஹெர் தோமஸ்' என்று சொல்லக் கூடாது, குடும்பப் பெயரோடுதான் ஹெர் வரும். பெயர் சொல்லி அழைக்கச் சொல்லி அவரே கேட்டுக்கொண்டால் ஹெர்ரை விட்டுவிடலாம். முழுக் குடும்பத்தையும் முல்லர்ஸ் என்பார்கள்.

லீஸ்ஷென் முல்லர் என்பவர் யார்?

யாரும் இல்லை. சாதாரண ஜனம் என்று சொல்ல ஜெர்மானியர்கள் பயன்படுத்தும் கற்பனைப் பெயர். நாம் 'குப்பனும் சுப்பனும்' என்று சொல்வோமே, அந்த இடத்தில் வரும்.

முல்லர் ஒருவரைக் கல்யாணம் செய்தால் நானும் முல்லர் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. ஒரு காலத்தில் கணவன் பெயர்தான் குடும்பப் பெயர் என்று சட்டமே இருந்தது. 1976இல் மனைவியின் பெயரையும் தேர்ந்தெடுக்கலாம் என்று வந்தது, ஆனால் முடிவெடுக்காவிட்டால் கணவன் பெயரே நிற்கும். 1991இல் அரசியல் சட்ட நீதிமன்றம் அது சமத்துவத்துக்கு எதிரானது என்றது. 1994இலிருந்து இருவரும் அவரவர் பெயரோடு இருக்கலாம். 2025 மே 1 முதல் இருவருமே இரட்டைப் பெயர் வைத்துக்கொள்ளலாம், நடுவில் கோடு போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம். ஆனால் இரண்டு பெயருக்கு மேல் கோக்க முடியாது.

ஜெர்மனியில் வாழும் ஈழத்தமிழர் வீடுகளில் இதில் கூடுதல் சிக்கல் உண்டு. நம்மிடம் குடும்பப் பெயரே கிடையாது என்பதால் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகப் பதிந்துவிடுகிறார்கள். கல்யாணத்தின்போது அந்த அப்பா பெயரும் முல்லரும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். எதை வைத்துக்கொள்வது, பிள்ளைகளுக்கு எது போகும் என்பதைப் பதிவு அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னாலேயே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அதிலும் தனியாக மாற்ற வேண்டியிருக்கும்.

அறிந்திருக்க வேண்டிய முல்லர்கள் யார்?

1974 உலகக் கோப்பை இறுதியில் நெதர்லாந்தை வீழ்த்திய கோலை அடித்த கெர்ட் முல்லர். 1970 உலகக் கோப்பையில் மட்டும் 10 கோல் போட்டவர். 2010இல் தங்கக் காலணி வாங்கி, 2014இல் கோப்பையும் வென்ற தோமஸ் முல்லர் அவருக்கு உறவில்லை. ஆனால் இருவரும் பேயர்ன் மியூனிக் அணிக்காக ஆடியவர்கள், உலகக் கோப்பைகளில் இருவருக்கும் 13ஆம் எண் சட்டை. ருமேனியாவின் ஜெர்மன் பேசும் கிராமத்தில் பிறந்து 2009இல் இலக்கிய நோபல் பெற்ற ஹெர்டா முல்லர். டிடிடி பூச்சிகளைக் கொல்லும் என்று கண்டுபிடித்து 1948இல் நோபல் பெற்ற சுவிஸ்காரர் பால் முல்லர். பிரேசிலில் குடியேறி, கசப்பான வண்ணத்துப்பூச்சி இனங்கள் ஒன்றின் தோற்றத்தை இன்னொன்று ஒத்திருப்பது ஏன் என்று 1878இல் விளக்கிய ஃப்ரிட்ஸ் முல்லர்.

ஒரு முல்லர் குடும்பத்தின் வேரைத் தேட வேண்டும். எங்கே தொடங்குவது?

பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள், எங்கும் போய்ச் சேர மாட்டீர்கள். முதலில் ஊர் தெரிய வேண்டும். அப்புறம் கத்தோலிக்கரா, சீர்திருத்தத் திருச்சபையா என்பது. 1876இலிருந்து பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் அரசுப் பதிவு அலுவலகத்தில் இருக்கும். அதற்கு முந்தியவை தேவாலயப் பதிவேடுகளில். 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் எரிந்துபோனவை நிறைய. கப்பலேறிப் போனவர் என்றால், ஹாம்பர்க் துறைமுகத்தின் 1850 முதல் 1934 வரையிலான பயணிகள் பட்டியல் பெரும்பாலும் தப்பியிருக்கிறது, பிரேமன் பட்டியல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. தமிழ்நாட்டுக்கு வந்த ஜெர்மன் மிஷன் ஊழியர்களைத் தேடுபவர்கள் ஹாலே நகரின் ஃப்ராங்கெ அறநிலையக் காப்பகத்தைப் பார்க்கலாம். தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்கள் அங்கேதான் இருக்கின்றன. எங்கே தேடினாலும் புள்ளியோடு ஒரு முறை, யு-ஈ போட்டு ஒரு முறை, வெறும் யு போட்டு ஒரு முறை, மில்லர் என்று ஒரு முறை தேடுங்கள். எழுதிய குமாஸ்தா எதைக் காதில் வாங்கினாரோ அதைத்தான் எழுதியிருப்பார்.